அரண்மனைக்குப் போகுமுன் ஏற்காட்டு பங்களா: பழைய மாளிகைகளில் முதல்முறை தங்குபவர்களுக்கு

சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏற்காடு ஒருநாள் சமாச்சாரம். காலையில் கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஒரு டீ, 20 கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், நேரமிருந்தால் சேர்வராயன் கோயில், இருட்டுவதற்குள் இறங்கி வந்து வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. மேலே தங்குவது வெளியூர்க்காரர்கள் செய்கிற வேலை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு டிசம்பரில், உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்திருந்த சென்னைக்காரர்களுக்குத் துணையாகப் போனதில், காபித் தோட்டத்துக்கு நடுவே இருந்த பழைய ஓட்டு பங்களா ஒன்றில் இரண்டு ராத்திரி தங்கும்படி ஆயிற்று. அங்கே பிடித்த பித்து இன்னும் விடவில்லை. செட்டிநாடு, ஊட்டி, மைசூர், ஒருமுறை ராஜஸ்தான் என்று பழைய வீடுகளைத் தேடித் தேடித் தங்கி வருகிறேன்.

இதனாலேயே தெரிந்தவர்கள் "அரண்மனையில ஒரு ராத்திரி தங்கணும், எங்க போகலாம், எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவில் இரண்டு ராத்திரி தங்கிப் பாருங்கள். பழைய வீட்டில் தங்குவது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. மரத்தரை நடக்கும்போது முனகும், வெந்நீர் வர நேரமாகும், ஓட்டுக்கு மேலே ராத்திரி எதுவோ ஓடும். சிலருக்கு அதுவே சொர்க்கம், சிலர் விடிவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். நீங்கள் எந்த ரகம் என்று வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் தெரிந்துகொள்வது நல்லதா, ஒரு ராத்திரிக்கே பல பத்தாயிரம் கட்டிவிட்டு ஜோத்பூரில் தெரிந்துகொள்வது நல்லதா?

எந்த வீடு, யாருடைய வீடு

தேட ஆரம்பிக்கும் முன்பு இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "பழைய மாளிகை ஹோட்டல்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வகை வீடுகள் இருக்கின்றன.

ராஜாக்கள் வாழ்ந்த அரண்மனைகள் ஒரு வகை. இவை ராஜஸ்தானில் குவிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே சமஸ்தானங்கள் நிறைய இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அவை இந்தியாவோடு இணைந்தபோது அரசர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. 1971ல் அரசியலமைப்பின் 26வது திருத்தத்தின் மூலம் அந்த மன்னர் மானியம் நின்றுபோனது. நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட கட்டடத்துக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கவே பணம் வேண்டுமே. ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை அதற்கு முன்பே, 1957ல், ஹோட்டல் ஆகிவிட்டது. உதய்ப்பூர் ஏரி அரண்மனை 1960களில் மாறியது. ஜோத்பூர் உமைத் பவன் இன்னும் சுவாரசியம். பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தொடங்கிய கட்டடம், 1943ல் முடிந்தது, 347 அறைகள். இன்றும் ஒரு பகுதியில் அரச குடும்பம் வசிக்கிறது, ஒரு பகுதி அருங்காட்சியகம், ஒரு பகுதி ஹோட்டல்.

நம் பக்கம் நிலைமை வேறு. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் முழுதாக ஒரு சமஸ்தானம் என்று இருந்தது புதுக்கோட்டை ஒன்றுதான். அங்கே அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆகிவிட்டது. தஞ்சாவூர் அரண்மனையும் மதுரை திருமலை நாயக்கர் மகாலும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடங்கள். சேலம் எப்போதோ கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் நம் ஊரும் சேர்த்தி. ஆகவே தமிழ்நாட்டில் தங்குவதற்கு ராஜா அரண்மனை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஊட்டியில் 1844ல் எழுந்து பின்னாளில் மைசூர் மகாராஜாவின் கோடை மாளிகையான ஃபெர்ன்ஹில்ஸ் மாதிரி ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு.

அதற்குப் பதிலாக நமக்கு இருப்பவை மற்ற இரண்டு வகையும். ஒன்று செட்டிநாட்டு வீடுகள், அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றது கலெக்டர், தோட்டக்காரத் துரைமார் கட்டிய மலை பங்களாக்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவர், அவருடைய கிரேஞ்ச் பங்களா மலையின் ஆகப் பழைய கட்டடங்களில் ஒன்று. அதன் பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு சரிவை வளைத்துத் தோட்டம் போட்டார்கள், நடுவில் வீடு கட்டினார்கள். பிற்பாடு அந்தத் தோட்டங்கள் நம்மவர்கள் கைக்கு மாறின. பல பங்களாக்களில் இன்றும் முதலாளி குடும்பம் ஒரு பக்கம் இருந்துகொண்டு மீதி அறைகளை வாடகைக்கு விடுகிறது. இந்த வீடுகளைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம். இணையத்தில் பார்த்த படத்தில் அகலமான வராந்தா, மரத்தூண், பிரம்பு நாற்காலி, பின்னால் ஓட்டுக்கூரை. இரண்டு ராத்திரிக்கு முழுப் பணமும் கட்டிவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் அந்த வராந்தா வழியாக எங்களை நடத்தி, கொல்லைப்புறம் இறக்கி, புதிதாகக் கட்டிய மூன்று மாடி கான்கிரீட் கட்டடத்தில் விட்டான். டைல்ஸ் தரை, அலுமினிய ஜன்னல், சேலம் ஐந்து ரோட்டில் எந்த லாட்ஜிலும் கிடைக்கும் அறை. பழைய பங்களா எதற்கு என்று கேட்டால், வரவேற்பும் சாப்பாட்டு ஹாலும் மட்டும்தானாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளும் சாயங்காலம் முன்பக்க வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டு, இருட்டிய பிறகுதான் அறைக்கு வந்தார். பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றிலிருந்து போனில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ரூம் ஓட்டு வீட்டுக்குள்ளயா, பின்னாடி புதுசா கட்டுனதுலயா?" நேர்மையான ஆள் உடனே சொல்லிவிடுவார், "பழைய வீட்டுல நாலு ரூம்தானுங்க, மிச்சம் புதுசு" என்று. "எல்லாம் ஒண்ணுதாங்க, நல்லா இருக்கும் வாங்க" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பழைய வீட்டு அறைதான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த அறையின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அறைக்குள்ளிருந்து எடுத்த படம் வேண்டும், வாசல் படம் வேண்டாம்.

ஹெரிடேஜ் என்று போர்டு வைப்பதற்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஆனால் ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் தரும் ஹெரிடேஜ் தரச்சான்று என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதற்குக் கட்டடம் 1950க்கு முன்பு கட்டியதாக, குறைந்தது 5 அறைகளாவது உள்ளதாக இருக்க வேண்டும். கிளாசிக், கிராண்ட் என்ற மேல்படிகளுக்கு 1935க்கு முந்தைய கட்டடமாக, 15 அறைகளாவது இருக்க வேண்டும். முகப்பை உருத்தெரியாமல் மாற்றியிருக்கவும் கூடாது. ஏற்காட்டின் சின்ன பங்களாக்கள் பலவற்றிடம் இந்தச் சான்று இருக்காது. மூன்று அறை வீட்டுக்கு அது பொருந்தவும் பொருந்தாது, அதனால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய வாடகை கேட்கும் இடத்தில் மட்டும் சான்று உண்டா என்று கேளுங்கள்.

அதே போனில் கேட்க வேண்டிய மற்றவை

வெந்நீர். கீசரா, விறகு பாய்லரா, எத்தனை மணிக்கு வரும்? பழைய வீடுகளில் குழாய் வெகுதூரம் சுற்றி வரும், மூன்று பேர் அடுத்தடுத்துக் குளித்தால் நான்காவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, ஜெனரேட்டர் முழு வீட்டுக்கா, இல்லை ஒரு லைட்டுக்கு மட்டுமா? செல்போன் சிக்னல் எந்த நிறுவனத்துடையது கிடைக்கும்? தோட்டத்துக்குள் போகிற கடைசி வழி தார் ரோடா, மண் பாதையா, சின்ன கார் ஏறுமா? இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிட்டு ராத்திரியில் சேற்றில் மாட்டிக்கொண்ட நண்பர்கள் எனக்கு உண்டு.

வயதானவர்கள் வருவதாக இருந்தால் குளியலறையைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். அந்தக் காலத்து பங்களாவில் இன்றைய மாதிரிக் குளியலறை கிடையாது, பின்னால் ஒரு சின்ன அறை, அதற்கு வெளியிலிருந்து ஒரு கதவு, வேலையாட்கள் வெந்நீரைத் தூக்கி வருவார்கள். அந்த அறையைத்தான் பின்னால் குளியலறையாக மாற்றியிருப்பார்கள். அதனால் பெரும்பாலும் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும், தரை வழுக்கும், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அந்தப் படி கண்ணுக்குத் தெரியாது. மாடிப்படியும் செங்குத்தாகத்தான் இருக்கும். கீழ்த்தள அறை கேளுங்கள்.

வாடகை சொல்லும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்பது முக்கியம். 2025 செப்டம்பருக்குப் பிறகு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருக்கும் அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேலே போனால் 18 சதவீதம். 7,400க்கும் 7,600க்கும் வாடகையில் 200 ரூபாய்தான் வித்தியாசம், ஆனால் வரியோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள், 7,770 எங்கே, 8,968 எங்கே. இந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வாடகை இருந்தால் கொஞ்சம் பேசிப் பாருங்கள், குறைப்பார்கள்.

எப்போது போவது

மே மாதக் கோடை விழா நாட்களில் வேண்டவே வேண்டாம். மலை முழுக்கக் கூட்டம், ஏறுவதற்கு அடிவாரம் வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று ரோட்டை ஒருவழி ஆக்கிவிடுவார்கள், வாடகையும் ஏறியிருக்கும். சனி, ஞாயிறையும் முடிந்தால் தவிருங்கள். செவ்வாய், புதனில் போனால் பல சமயம் வீடு முழுக்க நீங்கள் மட்டும்தான்.

என்னைக் கேட்டால் இரண்டு பருவம் சொல்வேன். மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்த பத்து நாளுக்குள் காபி பூக்கும். செடி முழுக்க வெள்ளை வெளேர் என்று, மல்லிகைக்குத் தம்பி மாதிரி வாசனை. இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும், அதனால் தேதி குறித்துப் போக முடியாது. தோட்டத்து ஆட்களிடம் சொல்லி வைத்தால் போன் போடுவார்கள், கிளம்பிவிட வேண்டியதுதான். இன்னொன்று டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பழம் பறிக்கிற காலம். களத்தில் காபிக்கொட்டை காயும், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருப்பார்கள், காலைப் பனி ஒன்பது மணிக்குத்தான் விலகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டு வீட்டில் படுத்திருப்பதும் தனிச் சுகம்தான், ஆனால் மலைப்பாதையில் மண் சரியும் காலம் அது, கிளம்புமுன் எந்த வழி திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பையில் என்ன, வழியில் என்ன

ஒரு நல்ல டார்ச் லைட். செல்போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், அதை வைத்துக்கொண்டு கையில் பிளாஸ்க்கும் பிடிக்க முடியாது. ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர், கனமான சாக்ஸ். சிவப்பு ஆக்சைடு தரை பார்க்க அழகு, காலையில் வெறுங்காலை வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது.

சேலம் புதிய பஸ் நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் இருக்கிறது, அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஆட்டோவோ, அவர்களுடைய ஜீப்போ. காரில் போகிறவர்கள் மாலை நான்கு மணிக்குள் மேலே சேர்ந்துவிடப் பாருங்கள். வெளிச்சத்தில் வீட்டைப் பார்ப்பது ஒரு காரணம். தோட்டப் பாதைகளில் இருட்டிய பிறகு காட்டுமாடு நிற்கும் என்பது அதைவிட முக்கியமான காரணம். எதிரில் நின்றால் ஹாரன் அடிக்காமல், ஹெட்லைட்டைத் தணித்துவிட்டு, அது போகும்வரை காருக்குள்ளேயே இருங்கள். இதே காரணத்துக்காகத்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்துக்குள் நடக்கப் போக வேண்டாம் என்கிறேன்.

போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

பெட்டியைப் பிரிக்காதீர்கள். குழாயைத் திறந்து பாருங்கள், ஸ்விட்சுகளைப் போட்டுப் பாருங்கள், ஜன்னல் கொக்கி ஒவ்வொன்றும் விழுகிறதா பாருங்கள், மெத்தையைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் கோத்திருந்தால் அப்போதே சொல்லி மாற்றச் சொல்லுங்கள். பழைய வீட்டில் இதெல்லாம் சண்டை போடுகிற விஷயம் இல்லை, அந்த வீட்டின் பழக்கவழக்கத்தைத் தெரிந்துகொள்வது, அவ்வளவுதான்.

அந்த முதல் பங்களாவில் எங்கள் அறைக் கதவின் தாழ்ப்பாள் விழவே இல்லை. பித்தளைத் தாழ்ப்பாள், முழங்கை நீளம், பலமாகத் தள்ளியும் அசையவில்லை. பெரியவர் ஒருவர், அங்கே வாட்ச்மேன், வந்தார். கைப்பிடியைப் பிடித்துக் கதவை ஒரு விரற்கடை மேலே தூக்கினார், தோளால் லேசாக ஒரு தள்ளு, தாழ்ப்பாள் தானாக இறங்கிக் குழியில் உட்கார்ந்தது. "ஐப்பசி மழைக்கு ஊதுன மரமுங்க. தை பொறந்தா சரியாப் போயிரும்" என்றார். நூறு வருஷத்துக்கு மேலே ஆன அந்தக் கதவு வருஷா வருஷம் மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, அதை எப்படித் தூக்கிச் சாத்துவது என்பதை ஒரு வாட்ச்மேனிடமிருந்து அடுத்தவர் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓடு வழியாக உள்ளங்கை அகல வெயில் தரையில் விழுந்து, மெதுவாக நகர்ந்து கட்டில் காலைத் தொட்ட நேரத்துக்குச் சரியாகக் காபி வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. அந்த வீட்டில் கடிகாரம் தேவைப்படவில்லை.

ஆகவே வந்த உடனே வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதலாளி இருந்தால் அவரே காட்டுவார், இல்லாவிட்டால் வாட்ச்மேனோ சமையல்காரரோ. சமையல்கட்டு ஏன் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கிறது என்று கேளுங்கள், நெருப்புக்கும் புகைக்கும் பயந்து அப்படிக் கட்டியிருப்பார்கள். கூரை ஏன் இத்தனை உயரம், ஓடு எங்கிருந்து வந்தது, இந்தப் படத்தில் இருப்பவர் யார்? பழைய வீட்டில் வேலை செய்பவர்கள் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருப்பார்கள் என்பதை ஒவ்வோர் இடத்திலும் பார்க்கிறேன்.

கணப்பு இருக்கும் அறையாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. நீங்களாகப் பற்றவைக்காதீர்கள். பல வீடுகளில் புகைபோக்கி வருஷக்கணக்காகத் துப்புரவு செய்யாமல் கிடக்கும், குருவி கூடு கட்டியிருக்கும். எரியக்கூடியதுதான் என்று வீட்டுக்காரர் சொன்னால், அவர்கள் ஆளையே பற்றவைக்கச் சொல்லுங்கள், தூங்குமுன் அணைத்துவிடுங்கள். குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை உள்ளே எடுத்துவந்து ஜன்னலை மூடிக்கொண்டு படுப்பது மட்டும் கூடவே கூடாது. அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

சாப்பாடும் மனிதர்களும்

தோட்ட பங்களாவில் மெனு கார்டு இருக்காது. என்ன வேண்டும், எத்தனை பேர் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கோழி வேண்டுமென்றால் ஆள் டவுனுக்குப் போய் வாங்கி வர வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி ஒன்பது மணிக்கு எதிர்பார்த்தால் முகம் சுளிக்காமல் செய்துதருவார்கள், ஆனால் அவர்களும் இருட்டில் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். அங்கே என்ன நன்றாக வருமோ அதையே கேளுங்கள். ஒரு இடத்தில் சமையல்கார அக்கா தோட்டத்து மிளகை அம்மியில் அரைத்து வைத்த ரசத்தை நான் இரண்டு டம்ளர் வெறுமனே குடித்தேன். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், குழந்தைக்குக் காரம் ஆகாதவர்கள் புக்கிங் போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் போயிருப்பது ஒரு குடும்பத்தின் வீடு. சுவரில் இருப்பது அவர்கள் தாத்தா, அலமாரியில் இருப்பது அவர்கள் பாட்டியின் பீங்கான். எடுத்துப் பார்க்க ஆசையாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கிறார்கள், எனக்கு இது பிடிப்பதே இல்லை. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்களை நிறுத்தி வைத்துக் கூடையைத் தூக்கிக்காட்டச் சொல்வது என்ன நியாயம்? செடியில் பழமோ மிளகோ பறித்துப் பையில் போடாதீர்கள், வேண்டுமானால் களத்திலோ ஆபீசிலோ விலைக்குக் கிடைக்கும், டவுன் கடையைவிட நன்றாகவே இருக்கும்.

கிளம்பும்போது கொடுக்கும் டிப்ஸை ஒருவரிடமே கொடுத்துவிடாமல் சமையலுக்கு, வாட்ச்மேனுக்கு, அறை சுத்தம் செய்தவருக்கு என்று தனித்தனியாகக் கையில் கொடுங்கள். உங்கள் அறை பிடித்திருந்தால் அதன் எண்ணையோ, அவர்கள் அதைக் கூப்பிடும் பெயரையோ குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை "அந்தக் கிழக்குப் பார்த்த ரூம்" என்று கேட்டு வாங்கலாம்.

ஏற்காடு பிடித்துவிட்டதா, அப்புறம் செட்டிநாடு

இரண்டு ராத்திரியும் நன்றாகத் தூங்கினீர்கள் என்றால் அடுத்தது காரைக்குடிப் பக்கம். சேலத்திலிருந்து நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் காரில் பகல் பொழுதுக்குள் போய்விடலாம். காரைக்குடியில் "பங்களா" என்றே பெயர் கொண்ட வீடு, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று தங்கக்கூடிய பழைய வீடுகள் சில உண்டு. விசாலம் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய வீடு என்பதால் அங்கே போகும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனி நெகிழ்ச்சி வரும். ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தும் தங்குவதற்கு இவ்வளவு கொஞ்சம்தானா என்று கேட்பீர்கள். ஒரு வீட்டுக்கு இன்று பங்காளிகள் பல பேர். ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் சென்னை, அத்தனை பேரும் ஒப்புக்கொண்டால்தான் ஹோட்டலாக்க முடியும். பல வீடுகள் கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும் மட்டும் திறந்து, பிறகு பூட்டிக்கொள்கின்றன.

அங்கே வீட்டை வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் பாருங்கள். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி. வாசலில் நின்றால் கடைசிக் கதவு தெரியும். தரையில் ஆத்தங்குடிக் கல், தூணில் பர்மாத் தேக்கு, சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். ஏப்ரல், மே வெயிலில் போக வேண்டாம். மலை பங்களாவுக்கு நான்கு மணிக்குள் போகச் சொன்னேன், இங்கே வளவில் வெயில் இறங்கும் பகல் பன்னிரண்டு மணிதான் பார்க்க வேண்டிய நேரம், அதனால் மதியச் சாப்பாட்டுக்கே போய்ச் சேருங்கள். வாழை இலைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது இங்கேயும் அவசியம்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் நினைவில் வையுங்கள், நீலகிரிக்குள் வண்டியோடு நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்புமுன் போனிலேயே எடுத்துவிடலாம். மைசூரில் லலித மகால் என்ற வெள்ளை அரண்மனை வைஸ்ராய் வந்தால் தங்குவதற்காக 1921ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கட்டத் தொடங்கியது, 1974ல் ஹோட்டல் ஆயிற்று. மகாராஜா குடியிருக்கவே இல்லாத அரண்மனை, விருந்தாளிக்கென்றே பிறந்த வீடு. சேலத்திலிருந்து சத்தியமங்கலம் வழியாகப் போனால் திம்பம் மலைப்பாதையில் ராத்திரிப் போக்குவரத்துத் தடை உண்டு, பகலிலேயே தாண்டிவிடுங்கள்.

ராஜஸ்தான் கடைசியாக இருக்கட்டும். அங்கே பெரிய பெயர் பெற்ற அரண்மனை ஒன்றில் நான்கு நாள் தங்கும் பணத்தில், ஒரு ராத்திரி மட்டும் அங்கே தங்கிவிட்டு, மீதி நாட்களைச் சின்ன ஊர்களின் ஜமீன்தார் கோட்டைகளிலும் ஹவேலி என்கிற பழைய பெரிய வீடுகளிலும் கழிக்கலாம். அங்கே பல இடங்களில் பழைய குடும்பமே நடத்துகிறது, ராத்திரிச் சாப்பாட்டில் கூட உட்கார்ந்து பேசுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாடகை உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் மழை பெய்து ஏரிகள் நிறைந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். உமைத் பவனில் தங்கப் பணம் போதவில்லை என்றால் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். எங்கே போனாலும் போனில் முதல் கேள்வி மாறாது: ரூம் பழைய கட்டடத்திலா, புதிதாகக் கட்டியதிலா? ஜோத்பூரில் நான் இதை அரைகுறை இந்தியில் கேட்டபோது, எதிர்முனையில் இருந்தவர் சிரித்துவிட்டு, பழைய பக்கத்தில் காலியாக இருந்த மூன்று அறைகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.